பிள்ளைத்தமிழும் பிந்தி வளரும் பிள்ளைகளும்

பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தத்தைப் பாட்டியல் நூலார் பருவம் பருவமாய் வகுத்துரைத்தனர் என்பது தமிழ் பயில்வார் அறிந்ததே. ஐந்தாந் திங்களில் ஒரு கால் மடக்கி, ஒரு கால் நீட்டி, இரு கைகளையும் நிலத்தூன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. ஒன்பதாந் திங்களில் கைகொட்டுவது சப்பாணி. ஓராண்டு நிறைந்த அளவில் தளர்நடையிட்டு வருமாறு அழைப்பது வருகை. திங்கட் கணக்கில் நூல்களுக்குள் சிறிது வேறுபாடுண்டு. எனினும், குழவி இன்ன காலத்தில் இன்னது செய்யும் என உற்று நோக்கி அறிந்தவர் நம் முன்னோர் என்பதில் ஐயமில்லை. இக்காலத்து மருத்துவர் கையிலுள்ள வளர்ச்சி அட்டவணையும் ஏறக்குறைய இவற்றையே வினவுகின்றது. தலை நின்றதா? அமர்ந்ததா? பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிற்றா?

ஆயின், உரிய திங்களில் செங்கீரை ஆடாத குழவியைப் புலவர் பாடினாரல்லர். அக்குழவியைப் பற்றியே ஈண்டுச் சில சொல்ல விழைகின்றேன்.

எங்கள் சத்துவாச்சாரியில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் உள்ளது. திங்கட்கிழமை மனு நாள்களில், ஏழெட்டு வயதுப் பிள்ளையை இடுப்பிற் சுமந்து, சான்றிதழோ உதவித்தொகையோ வேண்டி வரும் தாய்மாரை அங்குக் காணலாம். அவ்வுதவி வேண்டுவதே, அதனைக் குறை கூறேன். அப்பிள்ளையை முதன்முதல் உற்று நோக்கியவர் யார், எப்பொழுது என்பதே என் வினா. மூளை மிக விரைந்து வளர்வது முதல் மூன்றாண்டுகளிலன்றோ? பிறவியிலேயே தைராய்டுச் சுரப்புக் குறைந்த குழவிக்கு, பிறந்த சில வாரங்களுக்குள் நாள்தோறும் ஒரு சிறு மாத்திரை கொடுக்கத் தொடங்கின் அறிவு பெரும்பாலும் குன்றாது வளரும். ஓராண்டு கழியின் இழந்ததனை முற்றும் மீட்டல் அரிது. இதனைக் கண்டறியக் குதிகாலில் எடுக்கும் சில துளி இரத்தம் போதும். செவி கேளாமையும் அவ்வாறே. காக்ளியர் கருவி பொருத்தும் சிகிச்சையைத் தமிழ்நாட்டரசின் காப்பீட்டுத் திட்டம் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகட்கே அளிப்பதும் இதுபற்றியே.

தாமதம் எங்கிருந்து வருகின்றது? "ஆண் பிள்ளை மெதுவாய்த்தான் பேசும், இவன் அப்பனும் அப்படியே" என்பார் பாட்டிமார். நம் சபையாரோ, "ஜெபித்துக் காத்திருங்கள்" என்பர். ஜெபம் நன்றே. ஆயினும், சிறு பிள்ளைகளை ஆண்டவரிடம் கொண்டுவந்தோரை அதட்டித் தடுத்த சீஷரைப் போல் நாமும் ஆகிவிடலாகாது.

வழியில்லை என்று சொல்வதற்குமில்லை. 2013ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகட்குச் சென்று குழந்தைகளைச் சோதித்தல் வேண்டும். மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையமும் வேண்டும். பாகாயத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த நம்பிக்கை நிலையத்தில் பெற்றோரும் பிள்ளையுடன் தங்கிப் பயிற்சி பெறுகின்றனர். தென்காசியை அடுத்த ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தின் பணியாளர் வீடு தேடியே செல்கின்றனர். இவர்கள் கற்பிப்பவை யாவை? துணிச்சுருளை மார்பின்கீழ் வைத்துத் தலையெடுக்கப் பழக்குதல், கிலுகிலுப்பையை அசைத்து ஒலி வரும் திசை நோக்கச் செய்தல், சோறூட்டுகையில் ஒவ்வொன்றன் பெயரும் சொல்லிக் காட்டுதல் முதலியனவே. நாள்தோறும் செய்விப்பவள் தாய். ஆகலின் முதலிற் பயில வேண்டியவளும் அவளே.

இங்கேதான் நம் தோல் நாட்டின் இடர். ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பக்கங்களில் ஷூ கம்பெனி வேலைக்குச் செல்லும் பெண்கள் விடியலிலேயே வண்டியேறி விடுகின்றனர். குழவி பாட்டியிடமோ தமக்கையிடமோ இருக்கும். நகரத்து மையத்திற்குச் சென்றுவர ஒரு நாட் கூலி போம். இரண்டு முறை செல்வாள். மூன்றாம் முறை நின்றுவிடுவாள். அவளை அசட்டை உடையவள் எனல் அநீதி.

ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டுமென்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்குச் சென்றுவரலாமென்றும் மகப்பேற்று நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது. அக்காப்பகங்கட்கு வாரம் ஒருநாள் இப்பயிற்சி அறிந்த ஒருவரை அனுப்புதல் முதலாளிமார்க்குப் பெருஞ்செலவன்று. அவர் குழவிகளை ஒவ்வொன்றாய் நோக்கலாம். பிந்தியதைக் கண்டால் மருத்துவரிடம் அனுப்பலாம். தாயும் அந்நான்கு முறையுள் ஒன்றில் வந்து கற்றுச் செல்வாள், கூலியும் போகாது.