திரும்பி வந்த காசு வருமானமா?

நிலையான வைப்பின் வட்டியிலிருந்து வங்கி பிடித்துக்கொண்ட வரியை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடம் கேட்டுத் திரும்பப் பெற்றால், அப்படிப் பெற்ற காசும் வருமானமாகவே எண்ணப்படும், அதற்கும் வரி கட்டவேண்டி வரும், ஆகவே கேளாமல் விட்டுவிடுவதே புத்தி என்றோர் அபிப்பிராயம் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் ஓய்வூதியர் நடுவே பரவியிருக்கிறது. இதனைச் சொல்வோர் ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. தம்மையொத்தவர்களை ஒரு வில்லங்கத்திலிருந்து காப்பாற்றும் கரிசனையோடேயே சொல்கிறார்கள். ஆயினும், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றில் முப்பது வருஷம் கணக்கெழுதியவன் என்ற முறையில், இந்த அபிப்பிராயம் அடியிலிருந்து நுனிவரை பிழையானது என்பதையும், அதனால் நஷ்டமடைகிறவர்கள் நஷ்டத்தைத் தாங்கச் சக்தியற்ற சாமானியர்களே என்பதையும் எடுத்துச் சொல்வது என் கடமையென்று கருதுகிறேன்.

சென்ற மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பிஸ்கட் தகரப் பெட்டியொன்றைச் சேலைத் தலைப்பால் அணைத்துப் பிடித்தபடி என் வீட்டுக்கு வந்தார். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், நியமனக் கடிதம் ஆகியவற்றைப் பொலித்தீன் பையில் சுற்றி 2009ஆம் ஆண்டில் முள்ளிவாய்க்காலிலிருந்து செட்டிகுளம் முகாம் வரை சுமந்து காப்பாற்றியவர் அவர். கடதாசியின் அருமையை அவருக்கு எவரும் போதிக்கவேண்டியதில்லை. பெட்டியிலிருந்து எடுத்த வங்கித் துண்டில் வட்டி 160,000 ரூபா, பிடித்த வரி 16,000 ரூபா, கணக்கில் வைத்தது 144,000 ரூபா என்று மூன்று தொகைகள் அச்சாகியிருந்தன. நடுவிலிருந்த தொகையின்மேல் விரலை வைத்து, "அண்ணை, உதைத் திருப்பிக் கேட்டால் உதுக்கும் வரி போடுவினமாம், உண்மையே?" என்று கேட்டார்.

அவர் கேட்டதற்கு மறுமொழி அந்த மூன்று தொகைகளிலேயே இருக்கிறது. கைக்கு வந்துசேர்வதெல்லாம் வருமானம் என்பது இந்த அபிப்பிராயத்தின் முதலாவது ஆதாரம். அயலவருக்குக் கைமாற்றாகக் கொடுத்த ஐந்து மூட்டை விதைநெல் அறுவடை முடிந்து வீட்டுக்குத் திரும்பி வந்தால், அதனை இவ்வருஷத்து விளைச்சலோடு சேர்த்து எண்ணுகிற கமக்காரன் இரணைமடுக் குளத்தின் கீழே ஒருவனும் இல்லை. போன வருஷமே தன் வயலில் விளைந்து, தன் கணக்கில் ஏறிய நெல் அது. வட்டியின் விஷயமும் இவ்வாறானதே. சட்டத்தின் கண்ணில் ஆசிரியையின் வருமானம் வட்டியின் முழுத்தொகையாகிய 160,000 ரூபா. வங்கி பிடித்த 16,000 ரூபாவும் அவருடைய பணமாக இருந்தபடியாலேயே, அவர் பெயரால் அரசாங்கத்துக்குச் செலுத்தப்பட்டது. வருமான விபரத்திரட்டில் முழுத்தொகையை எழுதிய ஒருவர், திரும்பி வந்த 16,000 ரூபாவையும் வருமானமாக எழுதுவாராயின், 176,000 ரூபாவாகிய, ஒருபோதும் பிறவாத ஒரு வட்டிக்குக் கணக்குக் காட்டியவராவார். கணக்கில் விழுந்த 144,000 ரூபாவையே வருமானமென்று முதலில் மனத்தில் கொண்டுவிடுவதாலேயே, பின்னால் வருவது புது வரவுபோல் தோன்றி, இந்தப் பிரமை உண்டாகிறது.

இரண்டாவது ஆதாரம் கடல் கடந்து வந்தது. அமெரிக்காவில் வாழும் பிள்ளைகள் சிலர், அங்கே மாநில அரசு திருப்பிக்கொடுக்கும் வரியை மத்திய அரசின் வரிக்கணக்கில் வருமானமாகக் காட்டினோம் என்று தொலைபேசியில் சொல்ல, அங்கே அப்படியாயின் இங்கேயும் அப்படித்தான் என்று பெற்றோர் முடிவுகட்டிவிடுகிறார்கள். பிள்ளைகள் சொன்னது பொய்யல்ல. அதன் காரணமே இங்கு பொருந்தாதது. அந்நாட்டில் மாநிலத்துக்குக் கட்டிய வருமான வரியை, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, மத்திய அரசின் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளச் சட்டம் இடங்கொடுக்கிறது. அவ்வாறு இனம் இனமாகக் கழிவு காட்டி முந்திய வருஷத்தில் வரியைக் குறைத்துக்கொண்டவர், கழித்த பணம் அடுத்த வருஷம் திரும்பி வரும்போது, முன்பு அடைந்த அநுகூலத்தின் அளவுக்கு அதனை வருமானத்தில் சேர்க்கக் கடமைப்பட்டவராகிறார். எல்லோருக்கும் பொதுவாக நிர்ணயிக்கப்பட்ட கழிவை மாத்திரம் எடுத்துக்கொண்டவருக்கு, அதே மாநிலத்திலிருந்து அதே தொகை திரும்பி வந்தாலும், அதில் ஒரு சதமும் வருமானமாவதில்லை. ஆகவே அமெரிக்காவிலுங்கூட, முன்பு கழிவாகக் காட்டி நன்மை பெற்றாரா என்பதே கேள்வி. இலங்கையிலோ, 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்கீழ் செலுத்தவேண்டிய வருமான வரியை வருமானத்திலிருந்து கழிக்கவே அனுமதியில்லை. கழிவு என்ற நன்மையை ஒருநாளும் பெற்றிராத ஆசிரியையிடம், அந்த நன்மையைத் திருப்பித் தா என்று கேட்பது எந்த நியாயத்துக்கும் அடங்காது.

இந்த நியாயம் நம்மூரிலேயே பொருந்தும் இடமொன்று உண்டென்பதை மறைப்பது நேர்மையாகாது. வவுனியாவில் அரிசி ஆலை நடத்தும் ஒருவர், ஆலைக் கட்டிடத்துக்குக் கட்டிய சோலை வரியை வியாபாரச் செலவாகக் கழித்து இலாபத்தைக் குறைத்துக் காட்டியிருக்க, மதிப்பீடு பிழையென்று கண்டு உள்ளூராட்சிச் சபை அதில் ஒரு பகுதியைத் திருப்பிக்கொடுத்தால், அந்தத் தொகையை அவர் வியாபார வரவில் சேர்க்கத்தான் வேண்டும். மீளளிப்போடு அரசு வட்டி சேர்த்துக் கொடுக்கும்போது, அந்த வட்டி புதிதாகப் பிறந்த பணமாதலின் அதனை வேறாகவே நோக்கவேண்டும். இந்தியாவிலும் கனடாவிலும் மீளளிக்கப்பட்ட வரி வருமானமாகாதிருக்க, அதன்மேல் கிடைத்த வட்டி மாத்திரம் வருமானமாகிறது. இவ்விரண்டையும் அரைகுறையாகக் கேட்டவர்கள், எல்லா மீளளிப்புக்கும் ஒரே விதியென்று நம்பிவிட்டார்கள் போலும்.

வாதத்துக்காக, திரும்பி வந்த 16,000 ரூபாவும் வருமானமே என்று ஒப்புக்கொள்வோம். அப்போது என்ன நேர்ந்துவிடும்? மாதம் 60,000 ரூபா ஓய்வூதியத்தையும் கணக்கில் சேர்த்தால்கூட அது வருஷத்துக்கு 720,000 ரூபா. வட்டியோடு 880,000 ரூபா. இல்லாத வருமானமாகிய அந்த 16,000 ரூபாவையும் கூட்டினால் 896,000 ரூபா. 2025 ஏப்பிரில் 1ஆம் திகதியிலிருந்து தனிநபர் நிவாரணம் 1,800,000 ரூபாவாக இருக்க, அதன் பாதியையுந் தொடாத ஒருவர் எந்த வரிக்கு அஞ்சவேண்டும்? அபிப்பிராயம் சரியாகவே இருந்தாலும் ஆசிரியைக்கு வரி கிடையாது. பயம் மாத்திரமே அந்தப் பணத்தை அவரிடமிருந்து பறிக்கிறது.

திருப்பிக் கேட்டால் பெயர் பதிவாகும், பெயர் பதிவானால் வரி வலையில் அகப்பட்டோம் என்று அஞ்சுவோருக்குச் சுருக்கமாகச் சொல்லலாம்: வரி செலுத்துநர் அடையாள இலக்கம் எடுப்பது வேறு, வரிக்கு ஆளாவது வேறு. இலக்கம் இருப்பவரின் வருமானம் நிவாரணத்துக்குள் அடங்கினால் அவர் கட்டவேண்டியது ஒன்றுமில்லை.

சிறு தொகைதானே, விட்டுவிடலாமே என்பது எனக்கு மிகுந்த வருத்தந்தரும் பேச்சு. 2023 ஜனவரியில் வட்டியில் 5 வீதம் பிடிக்கத் தொடங்கி, 2025 ஏப்பிரிலில் அது 10 வீதமாக உயர்ந்தது. ஓய்வுபெற்றபோது ஒருமிக்கக் கிடைத்த பணத்தையோ, வெளிநாட்டிலுள்ள பிள்ளை இரவு வேலைசெய்து அனுப்பிய பணத்தையோ வைப்பிலிட்டு, அந்த வட்டியில் மருந்து வாங்குகிற வீடுகள் இங்கே ஒன்றிரண்டல்ல. அத்தகைய வீட்டில் 16,000 ரூபா என்பது பேரப்பிள்ளையின் பல மாத ரியூசன் காசு. வரி கட்டக் கடமையற்றவரிடமிருந்து முற்பணமாகப் பிடித்த அந்தக் காசை, கேட்போருக்குத் திருப்பிக் கொடுக்கவே சட்டம் வழி வைத்திருக்கிறது. கேளாதவருக்கு அது வீடு தேடி வருவதில்லை. வருஷ வருமானம் 1,800,000 ரூபாவைத் தாண்டாதவர்கள், தம் அடையாள இலக்கத்தோடு ஒரு சுயபிரகடனத்தை வங்கியில் கொடுத்து, இனிவரும் வட்டியில் வரி பிடிக்காதிருக்கச் செய்யவும் இப்போது வழியுண்டு. முன்பு பிடித்ததற்கு விபரத்திரட்டு; இனிப் பிடிக்காதிருக்கப் பிரகடனம். இரண்டுக்கும் அடையாள இலக்கம் வேண்டும்; முன்னதற்கு வங்கி தரும் வரிச் சான்றிதழும் வேண்டும்.

மதிப்பீட்டாண்டு மார்ச் 31ஆம் திகதி முடிகிறது. அதைத் தொடர்ந்து வரும் நவம்பர் 30ஆம் திகதிக்குள் விபரத்திரட்டை அனுப்பவேண்டும். ஆசிரியை என்னிடம் வந்த அன்று மாலை முன்விறாந்தையில் இருந்து, வட்டிக்குரிய இடத்தில் 160,000 என்றும், பிடித்த வரிக்குரிய இடத்தில் 16,000 என்றும் தம் கையாலேயே ஒரு மாதிரித் தாளில் எழுதினார். "அடுத்த வருஷம் உந்தக் காசு வந்ததெண்டு எங்கை எழுதிறது?" என்று கேட்டார். எங்கும் எழுதவேண்டியதில்லை என்றேன். அவர் தாளை நாலாக மடித்து, காணி உறுதிக்கு மேலே வைத்து, தகரப் பெட்டியை மூடினார்.