பாட்டு வேண்டும், பாடியவள் வேண்டாமோ!

புதிய பாட்டு ஒன்று வெளிவருகிறது. கைப்பேசியின் சின்னஞ்சிறு திரையிலே அது ஒலிக்கிறது, ஒளிர்கிறது. கீழே பெயர்ப் பட்டியல்! இசையமைத்தவர் பெயர் இருக்கிறது. கிதார் மீட்டியவர் பெயர் இருக்கிறது. ஒலிப்பதிவு செய்தவர், ஒளிப்பதிவு செய்தவர், ஆடை அமைத்தவர், ஒப்பனை செய்தவர் எவர் பெயரும் விடுபடவில்லை. நன்று, உழைத்தவர் பெயர் இருக்கத்தான் வேண்டும். ஆனால் பாட்டு யாருடையது? அந்த இடத்திலே மட்டும் ஒரே ஒரு சொல்: ‘மரபு’.

மரபு! எத்துணை அழகான சொல்! அதனினும், எத்துணை வசதியான சொல்! மரபு கூலி கேட்காது. மரபு வழக்கு மன்றப் படி ஏறாது. மரபுக்குப் பசி இல்லை, பிணி இல்லை, மருத்துவமனைக் கட்டணம் இல்லை. மேடையேறி, ‘என் பாட்டைப் பாடினாயே, என் பெயரைச் சொன்னாயா?’ என்று கேட்கும் வாயும் மரபுக்கு இல்லை.

ஆனால், தோழர்களே, மரபு என்று ஒருத்தி எந்த ஊரிலும் பிறந்ததில்லை. பிறந்தவள், சேற்றிலே நின்று நாற்று நட்டவள். தூளி ஆட்டிக்கொண்டே, நாளைக்கு அரிசி எங்கே என்று எண்ணியவள். செத்த கணவனுக்காக மாரடித்து அழும்போதே, இனித் தன் கதி என்ன என்பதையும் சேர்த்து அழுதவள். பிறந்தவன், விடியுமுன் ஏற்றம் மிதித்தவன். எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கையே பாட்டாக்கிக் களைப்பை மறந்தவன். நடவுப் பாட்டின் நடை, குனிந்து நிமிரும் முதுகின் நடை. தெம்மாங்கின் நீட்சி, தனிவழியிலே வண்டியோட்டியவன் மூச்சின் நீட்சி. இசை இலக்கணம் எழுதும் ஏடு அவர்களிடம் இல்லை. எழுத்தறியும் வாய்ப்பையே அவர்களுக்குக் கொடுக்க மறுத்த நாடு, ‘எழுதியவர் பெயர் தெரியவில்லை’ என்று இன்று ஏக்கத்தோடு கூறுகிறது!

நாட்டுப்புறப் பாடலை வகுப்பிலே நடத்தும்போது மாணவி ஒருத்தி கேட்டாள்: “ஐயா, எல்லாப் பாட்டுக்கும் ஆசிரியர் குறிப்பு இருக்கிறதே, இதற்கு ஏன் இல்லை?” ‘வாய்மொழியாக வந்தது’ என்பது பாடநூல் தரும் விடை. அது பொய்யன்று, ஆனால் முழு மெய்யும் அன்று. வாய்மொழி என்றால், அந்த வாய் யாருடையது?

புதிய இசைக்கலைஞர்களை வைவதற்காக இதை எழுதவில்லை. பழைய மெட்டிலே புதிய சொல்லை ஏற்றுவது குற்றமும் அன்று. அப்படிக் கூறுவோர் நாட்டுப்பாட்டின் இயல்பை அறியாதவர். ஒருத்தி பாடியதை மற்றொருத்தி மாற்றிப் பாடுவாள். ஊர் மாறினால் சொல் மாறும். காலம் மாறினால் பொருள் மாறும். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், வயலோரத்து மெட்டிலே உழைப்பவன் உரிமையை ஏற்றித் திரைப்படத்திற்குள் அனுப்பினார். பாவலர் வரதராசன் ஊர்ப்பாட்டின் மெட்டைத் தேர்தல் மேடைக்குக் கொண்டுவந்தார். அவர் தம்பி இளையராஜா 1976இல் ‘அன்னக்கிளி’ வாயிலாக அந்த மண்ணின் ஒலியைத் தமிழகத்துத் தெருவெல்லாம் கேட்கச் செய்தார். கே. ஏ. குணசேகரன், இன்குலாபின் சீற்றத்தை நாட்டுப்புற மெட்டிலே ஊரூராகப் பாடி, உறங்கியவரை உலுக்கினார். மெட்டை எடுத்தார்கள், அந்த மெட்டுக்குரிய மக்களின் வழக்கையும் சேர்த்து எடுத்தார்கள். இவர்களைப் போற்றுகிறோம்.

கிதாரும் பறையும் ஒரே மேடையில் சேரலாமா என்று முகம் சுளிக்கும் தூய்மைவாதிகளும் உண்டு. சேரட்டும்! பறைக்குக் கிதாரால் தீட்டு வந்துவிடாது. கிதாருக்கும் பறையால் வராது. கருவி எத்தனை புதியதானாலும் நமக்குக் கவலை இல்லை. கணக்கு பழையதாக இருக்கிறதே, அதுதான் கவலை. அறுப்பவன் ஒருவன், அளந்துகொண்டு போகிறவன் வேறொருவன் என்ற பண்ணையார் காலத்துக் கணக்கு, பாட்டு வயலிலும் நடக்கிறதே!

பரவை முனியம்மாவை நினைத்துப் பாருங்கள். 2003இல் ‘தூள்’ படத்திலே அவர் பாடிய பாட்டு ஒலிக்காத திருவிழா இல்லை. 2015இல் நோயுற்று, வறுமையிலே வாடுகிறார் என்ற செய்தி வந்த பிறகுதான், அரசின் உதவி அவரை நாடி வந்தது. 2020இல் மறைந்தார். ‘ஆண் பாவம்’ படத்தால் 1985இல் நாடறிந்த கொல்லங்குடி கருப்பாயி 2025இல் மறைந்தார். பெயர் தெரிந்த இந்த இருவருக்காகவும் இரங்கல் எழுதினோம். பெயர் தெரியாத ஆயிரம் கருப்பாயிகளுக்கு இரங்கற்கூட்டம் போட்டவர் யார்?

2021இல் ‘என்ஜாய் எஞ்சாமி’ உலகெங்கும் ஒலித்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே உழைத்த தன் பாட்டியின் வாழ்வையும், நிலமற்றவர் ஏக்கத்தையும் சொல்லாக்கி அதை எழுதிப் பாடியவர் அறிவு. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம், ஆங்கில இசை ஏடு ஒன்று அந்தப் பாட்டையும் சுட்டி அட்டைப்படம் வெளியிட்டது. அட்டையிலே அறிவின் முகம் இல்லை! கண்டனக் குரல் எழுந்த பிறகே அவருக்கெனத் தனி அட்டை வந்தது. 2024இல் அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனே, அந்தப் பாட்டால் தமக்கு ஒரு காசும் வந்து சேரவில்லை என்று வெளிப்படையாகக் கூறினார். படித்தவருக்கும், புகழ் பெற்றவருக்கும், வாதாடத் தெரிந்தவருக்குமே இந்த நிலை என்றால், கைநாட்டு வைக்கும் கிழவியின் நிலை என்ன?

“நாட்டுப்பாட்டு பொதுச்சொத்து, அதற்கு உரிமை கேட்பது முறையா?” என்பர். கேளுங்கள், இந்தப் பொதுவுடைமையின் அழகை! 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு பாட்டை எழுதியவருக்கு அவர் வாழ்நாளும் அதன்மேல் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. எழுதியவர் இன்னார் என்று காட்ட முடியாத பாட்டுக்கு அந்தக் காவல் இல்லை. ஆனால் அதே பாட்டை ஒலிப்பதிவு செய்து வெளியிட்டவருக்கு, அந்தப் பதிவின்மீது 60 ஆண்டு உரிமை! கிழவி பாடும்வரை பாட்டு எல்லோருக்கும் பொது. கருவிக்குள் நுழைந்ததும் கருவிக்காரருக்குத் தனி. ஆற்றுநீர் பொது, குடம் மட்டும் என்னுடையது என்று சொல்லி ஆற்றையே விற்கும் வித்தை அல்லவா இது?

பாடுபவருக்கும் சட்டத்திலே இடம் உண்டு என்பதைத் தோழர்கள் அறிய வேண்டும். நிகழ்த்துவோர் உரிமை 1994இல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. இன்று அது 50 ஆண்டுகளுக்குச் செல்லும். வணிகத்திற்குப் பயன்படும் நிகழ்ச்சிக்கு உரிமத்தொகை பெறலாம் என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. உரிமை ஏட்டில் இருக்கிறது. அதை எடுத்துச் சொல்லும் நாக்கு ஊரில் இல்லை.

இந்த அநீதி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. தென்னாப்பிரிக்காவிலே சாலமன் லிண்டா என்ற சூலு இனத்துப் பாடகர், 1939இல் ‘எம்பூபே’ என்றொரு பாட்டைப் பதிவு செய்தார். சிங்கம் என்பது அதன் பொருள். அமெரிக்கக் குழுவொன்று அதைப் பாடியபோது, ஆக்கியவர் ‘பால் காம்பெல்’ என்று பொறிக்கப்பட்டது. அப்படி ஓர் ஆளே இல்லை, அது புனைபெயர்! 1961இல் வேறு சொற்களோடு அமெரிக்காவின் முதலிடத்தை எட்டியது அந்தப் பாட்டு. மறு ஆண்டே லிண்டா ஏழையாகச் செத்தார். அவர் மக்கள் வழக்காடி, 2006இல்தான் உடன்பாடு கண்டனர். ஆப்பிரிக்கக் காட்டின் ‘மரபு’ என்று உலகம் எண்ணிய பாட்டுக்கு ஒரு தந்தை இருந்தார். அவருக்குப் பெயர் இருந்தது. பசித்த குழந்தைகளும் இருந்தனர்.

நம் நாட்டிலோ, வெறும் பண வஞ்சனையோடு கதை முடியவில்லை. இங்கே சாதி இருக்கிறதே!

பறையைப் பாருங்கள். ஐந்து திணைக்கும் அதனதன் பறையைக் கருப்பொருளாகச் சொல்லும் தொல்காப்பியம். துடியன், பாணன், பறையன், கடம்பன் என நான்கு குடிகளை நிமிர்ந்த தலையோடு நிறுத்தும் புறநானூற்றின் 335ஆம் பாட்டு. அத்தகைய கருவியைச் சாவு வீட்டுக்குத் தள்ளினார்கள். கொட்டியவனைச் சேரிக்குத் தள்ளினார்கள். அவன் குலப்பெயர் ஆங்கில மொழியிலே ‘ஒதுக்கப்பட்டவன்’ என்று பொருள்படும் சொல்லாகவே ஆகிவிட்டது. காரணம் கேட்டால், ‘மாட்டுத்தோல், தீட்டு’ என்றார்கள்.

மிருதங்கத்திலே இருப்பது பட்டுத்துணியா? அதுவும் தோல்தான்! பசுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல் மூன்றும் அதிலே உண்டு. அதைச் செய்து கொடுத்த கைகளின் வரலாற்றை டி. எம். கிருஷ்ணா 2020இல் நூலாக எழுதினார். வாசித்தவர் வித்துவான், செய்தவர் யாரோ! தோல் தீட்டு என்றால் சபா மேடையே தீட்டு. தோல் தீட்டில்லை என்றால் பறையைத் தள்ளியது ஏன்? தீட்டு தோலிலே இல்லை, தோழர்களே. கொட்டியவன் பிறப்பின்மீது ஆதிக்கக்காரன் பூசிய பூச்சிலே இருக்கிறது.

இன்று காலம் சற்றே திரும்பியிருக்கிறது. மறுக்கவில்லை, மகிழ்கிறோம். 2007இல் சென்னை சங்கமம் கரகத்தையும் ஒயிலையும் தலைநகரத்துப் பூங்காவுக்கு அழைத்து வந்தது. 2018 சனவரியில், பா. இரஞ்சித்தின் முயற்சியால் உருவான ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, கானாவையும் பறையையும் சாதி ஒழிப்பு முழக்கமாக்கி மேடையேறியது. 2020 முதல் ‘மார்கழியில் மக்களிசை’ என்று, சபாக்கள் தமக்கே உரியதென எண்ணிய மாதத்திலே மக்கள் பாட்டு ஒலித்தது. 2025இல் மதுரை மண்ணின் பறைக்கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவிலே, ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பெண்களே பறையைத் தோளிலே மாட்டி ஆடுகிறார்கள். வெல்க!

ஆனால், வேறொரு காட்சியும் உண்டு. நகரத்து அரங்கிலே பறை கொட்டினால் ‘ஆதித் தமிழர் பெருமை’ என்று கைதட்டுபவர், தம் ஊருக்குப் போனதும் அதே கருவிக்காரனைப் பெயர் சொல்லி ஒருமையிலே கூப்பிடுகிறார். சாவுக்குக் கொட்ட வரமாட்டேன் என்று அவன் மறுத்தால், ‘திமிரைப் பார்’ என்கிறார். அரங்கிலே பறை கலை. ஊரிலே பறை கடமை! இந்த இரட்டை நாக்கைத் தாங்கும் கைதட்டல் எனக்கு இசையாகக் கேட்கவில்லை.

தமிழிசைக் கிளர்ச்சியின் பயனாக 1943இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. மேடையிலே மொழி நுழைந்தது. தமிழிலே பாடினால் மட்டும் போதாது, பாட்டின் பொருளும் பகுத்தறிவுக்குப் பொருந்த வேண்டும் என்று பெரியார் அன்றே வலியுறுத்தினார். அந்த வழியிலே அடுத்த படி இது: மேடையிலே மெட்டு நுழைந்தால் மட்டும் போதாது, மெட்டுக்கு உரியவர் நுழைய வேண்டும்.

நாட்டுப்பாட்டு என்பதற்காக எல்லாவற்றையும் கும்பிடவும் வேண்டாம். சாதிப் பெருமையும், பெண்ணை இழிவுபடுத்தும் கேலியும், பேயும் பிசாசும் அங்கேயும் உண்டு. வயலில் நெல்லோடு களையும் முளைக்கும். களையைப் பறிப்பது உழவுக்குப் பகையன்று. ஆனால் இன்று சிலர் தலைகீழாகச் செய்கிறார்கள். பாட்டிலே பண்ணையாரைக் குத்தும் வரியை நீக்கிவிட்டு, பல்லக்கும் பவனியும் பாடும் வரியை வைத்துக்கொள்கிறார்கள். களையை வைத்துக்கொண்டு நெல்லைப் பிடுங்கும் உழவு இது!

என்ன செய்யலாம்? பெரிய புரட்சி ஒன்றும் வேண்டாம். சிறிய நேர்மை போதும். நா. வானமாமலை 1964இல் வெளியிட்ட ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ நூலைத் திறந்து பாருங்கள். பாட்டுகளின் அடியிலே சேகரித்தவர் பெயரும் ஊரின் பெயரும் இருக்கும். அன்றைய தாளிலே அதற்கு இடம் இருந்தது. இன்றைய மின்திரையிலே இல்லையா? யாரிடம் கேட்டீர், எந்த ஊரில் கேட்டீர் என்பதை எழுதுங்கள். பாடிக் கொடுத்தவருக்கு வருவாயிலே பங்கு கொடுங்கள். சால்வை அன்று, பங்கு! அவரை உங்கள் பின்னால் அலங்காரமாக நிறுத்தாமல், ஒலிவாங்கியின் முன்னால் நிறுத்துங்கள்.

இளைஞர் தோழர்களே, உங்கள் கல்லூரி விழாவுக்கும் மன்ற ஆண்டு விழாவுக்கும் பறைக்குழுவை அழைக்கிறீர்கள். அழையுங்கள். அழைப்பிதழிலே ‘பறையாட்டம்’ என்று மட்டும் அச்சடிக்காமல், ஆசானின் பெயரை, அவர் குழுவினர் பெயரை, ஊரோடு அச்சடியுங்கள். பேச்சாளருக்கு வழிச்செலவும் கலைஞருக்கு வாழ்த்தும் என்ற வழக்கத்தை ஒழியுங்கள். ஊரிலே, சாவுக்குக் கொட்ட மறுக்கும் இளைஞன் ஒருவன் இருந்தால், அவன் பக்கத்திலே நில்லுங்கள். உங்கள் வீட்டுப் பாட்டி பாடினால், கைப்பேசியிலே பதிவு செய்யுமுன் அவள் பெயரை முதலில் பதிவு செய்யுங்கள்.

பாட்டிலே மண்வாசனை வேண்டும் என்கிறார்கள். மண்ணிலே உழைத்தவரின் வியர்வை அது. வாசனையை மட்டும் எடுத்துக்கொண்டு, வியர்வை சிந்தியவரை வாசலிலே நிறுத்தும் வழக்கம் இனி வேண்டாம். கதவைத் திறப்போம். பெயர் சொல்லி அழைப்போம்!