வலியை அடம் என்று எழுதாதீர்கள்

நாங்கள் ஆட்டிசம் உள்ளவர்கள், அவர்களைப் பெற்றவர்கள், உடன்பிறந்தவர்கள்; எங்களோடு சில மருத்துவர்களும் செவிலியர்களும் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசல்களில் பட்டதை ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லியே ஒன்றுசேர்ந்தோம். தமிழ்நாட்டின் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் எங்களுக்கு முறையான வைத்தியம் கிடைக்க வேண்டும். அதற்காகவே இந்த இயக்கம்.

பேச்சு வராத பையன் மூன்று நாளாகக் கன்னத்தில் அறைந்துகொள்கிறான், சோற்றைத் தள்ளிவிடுகிறான். "ஆட்டிசம்னா அப்படித்தாம்மா இருக்கும்" என்று தூக்க மாத்திரை எழுதி அனுப்புகிறார்கள். பிறகு ஒருநாள் யாரோ ஒருவர் வாயைத் திறந்து பார்க்கிறார். கடைவாய்ப்பல் சீழ் பிடித்திருக்கிறது. இந்தக் கதையில் பல்லுக்குப் பதில் காதையோ வயிற்றையோ வைத்துச் சொல்லும் குடும்பங்கள் எங்களில் ஏராளம். ஆகவே எங்கள் முதல் கொள்கை: நடத்தை திடீரென்று மாறினால் முதலில் உடம்பைப் பாருங்கள். பல், காது, வயிறு, மலச்சிக்கல், வலிப்பு எல்லாம் பார்த்த பிறகு ஆட்டிசத்தைப் பற்றிப் பேசலாம்.

அடுத்தது காத்திருப்பு. சிமிட்டும் டியூப்லைட், டோக்கன் எண்ணைக் கூவும் ஒலிபெருக்கி, பினாயில் நெடி. எங்களில் பலருக்கு இது ஊசியைவிடக் கொடியது. இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் முன்னால் போகும்போது பிள்ளை நிலைகுலைந்திருக்கும். நாலு பேர் கையையும் காலையும் அமுக்கிப் பிடித்து இரத்தம் எடுப்பார்கள். அதன்பின் அந்தத் தெருவுக்குள்ளேயே அது நுழையாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 25ஆம் பிரிவில், அரசு, தனியார் மருத்துவமனைகளின் எல்லாப் பகுதிகளுக்கும் தடையற்ற அணுகல் வேண்டும் என்கிறது. சிகிச்சையில் முன்னுரிமையும் தரச் சொல்கிறது. சாய்தளம் கட்டியதோடு தடை நீங்கிவிடவில்லை. சத்தமும் வெளிச்சமும்தான் எங்களுக்குப் படிக்கட்டு. அமைதியான ஒரு மூலை, முன்பே குறித்த நேரம், தொடுவதற்கு முன் என்ன செய்யப்போகிறீர்கள் என்று நோயாளியிடமே சொல்லிலோ படத்திலோ காட்டுவது, ஊசிக்கு முன் மரத்துப்போகச் செய்யும் களிம்பு: இவற்றில் எதற்கும் புதுக் கட்டடம் வேண்டாம்.

வளர்ந்தவர்களை யாரும் நினைப்பதில்லை. 22 வயது மகன் ஆண்கள் வார்டில் படுத்திருக்க, இரவில் அம்மாவை வெளியே போகச் சொல்கிறார்கள். அவனுடைய பேச்சே அவள்தான். துணைக்கு இருப்பவரை எந்த வார்டிலும் பிரிக்கக் கூடாது. மயக்க மருந்து கொடுக்கும்போதும், கண் விழிக்கும்போதும் அவர் அருகில் இருக்க வேண்டும். நன்றாகப் பேசத் தெரிந்த ஆட்டிசம் உள்ளவர் வலிக்கிறது என்றால், முகத்தில் வலி தெரியவில்லை என்று தள்ளிவிடவும் கூடாது.

இங்கிலாந்தில் 2016இல் ஆலிவர் மெக்கவன் என்ற 18 வயது இளைஞர், அவரும் பெற்றோரும் வேண்டாம் என்று சொல்லியும் கொடுக்கப்பட்ட மனநோய் மருந்துக்குப் பிறகு இறந்தார். தாய் ஓயாமல் போராடினார். 2022இல் வந்த சட்டம் அங்கே மருத்துவப் பணியாளர்களுக்கு ஆட்டிசம் பற்றிய பயிற்சியைக் கட்டாயமாக்கியது. இங்கே அப்படி ஒரு சாவுக்காகக் காத்திருக்க மாட்டோம். வாசல் காவலர் முதல் தலைமை மருத்துவர்வரை எல்லோருக்கும் அந்தப் பயிற்சி வேண்டும். அதை நடத்த எங்களையும் கூப்பிடுங்கள்.

உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளான ஏப்ரல் 2 அன்று நீல விளக்கு ஏற்றும் மருத்துவமனைகளே, அன்றைக்கு ஓர் அமைதியான அறையையும் திறந்து வையுங்கள். மறுநாள் அதைப் பூட்டாதீர்கள்.