படகுக்கு அழகு எது?

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது பழமொழி. மனிதருக்கு இது பொருந்தலாம். ஆனால் கடலில் செல்லும் படகுக்குச் சிறிதும் பொருந்தாது என்பதே நம் கருத்து.

கயாக் என்னும் ஒடுக்கமான படகை நாம் படங்களில் பார்த்திருக்கிறோம். ஒருவர் கால் நீட்டி அமர்ந்து, இருமுனைத் துடுப்பால் வலிக்கும் படகு அது. இன்று கண்ணாடி இழையிலும் பிளாஸ்டிக்கிலும் பல வண்ணங்களில் செய்கிறார்கள். வாங்குவோர் சிலர் வண்ணத்திலேயே மயங்கிவிடுகின்றனர். செருப்புக் கடையில் நாமும் அப்படித்தானே! மூன்றாம் நாள் கடித்த பிறகே அளவு நினைவுக்கு வருகிறது. கடிக்கும் செருப்பைக் கழற்றிவிடலாம். நடுக்கடலில் படகை என்ன செய்வது?

இதை நன்கு உணர்ந்தவர்கள் கிரீன்லாந்தின் இனூயிட் மக்கள். குளிர்ந்த கடலில் கடல்நாய் வேட்டைக்காக அவர்கள் கயாக் செய்தனர். நம் பூக்காரம்மா கையால் முழம் போடுவதுபோல, அவர்களுக்கும் உடம்பே அளவுகோல். இரு கைகளையும் விரித்த அளவைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு படகின் நீளம். இடுப்பளவோடு இரண்டு கைமுட்டி சேர்த்தால் அகலம். ஒரு கைமுட்டியும் நீட்டிய கட்டைவிரலும் ஆழம். ஆகவே ஒருவர் படகு மற்றவருக்குப் பொருந்தாது. தளர்வாக இருந்தால், கவிழ்ந்த படகை இடுப்பசைவால் நிமிர்த்த இயலாது. இறுக்கமாக இருந்தாலோ கால் மரத்துப்போகும். ஆபத்தில் வெளியேறவும் முடியாது.

அளவு சரி, கட்டுமானம்? மரச்சட்டத்தைச் செய்தவர்கள் ஆண்கள். அதன்மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்தவர்கள் பெண்கள்! ஒரு தோலில் ஊசி முழுவதும் நுழையும். மற்றதில் பாதிக் கனம் மட்டுமே செல்லும். துளை மறுபுறம் வராததால் நீரும் புகாது. தையல் பிரிந்தால் கணவனோ மகனோ கரை திரும்புவது அரிது. வேட்டைக்காரனின் வீரத்தைப் புகழ்வோர் அந்த ஊசியை மறப்பது நியாயமா?

தையல் வகுப்பில் சிஸ்டர் நம் துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்கும்போது முணுமுணுக்கிறோம். இனி முணுமுணுக்க வேண்டாம், தோழியரே! இன்றைய கயாக்கையும் அப்படித்தான் சோதிக்க வேண்டும். முதலில் ஏறி அமர்ந்து, இடுப்பும் தொடையும் பாதமும் படகோடு பொருந்துகின்றனவா, எளிதில் வெளியே வர முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு முன்னும் பின்னும் உள்ள காற்றறைகளில் சிறிது நீர் ஊற்றிச் சாய்த்து, தடுப்புச்சுவர் ஓரம் கசிகிறதா என்று காண வேண்டும். படகினுள் நீர் புகுந்தாலும் அதை மிதக்க வைப்பவை அந்த அறைகளே.

விலை கூடினால் தரமும் கூடும் என்பார் சிலர். விலைச்சீட்டுக்கு நம் இடுப்பளவு தெரியுமா?

கரையில் பிறர் கண்ணைக் கவர்வதன்று, கடலில் நம் உயிரைக் காப்பதே படகுக்கு அழகு.

– மாணவி, 10-ஆம் வகுப்பு