ஓடும் வீட்டில் ஒரு கீல் கழன்றால்...

சென்னையிலிருந்து திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலையில் மேல்மருவத்தூரை அடுத்து வருகிற ஊர் அச்சரப்பாக்கம். திரிபுரத்தை எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேர், அச்சு இற்று இங்கே நின்றுவிட்டதாம். அதனால் 'அச்சு இறு பாக்கம்' என்று பெயர் வந்ததாகத் தலபுராணம் கூறுகிறது. விநாயகரை வணங்காமல் புறப்பட்டதே காரணம் என்றும் அது சொல்கிறது. கதையை நம்புவதும் நம்பாததும் ஒருபுறம் இருக்கட்டும். முறிந்தது எது என்பதோடு நிற்காமல், ஏன் முறிந்தது என்றும் அக்கதை கேட்கிறது அல்லவா? அந்த இரண்டாவது கேள்வியை நாம் இன்று மறந்துவிட்டோம் என்பதே என் குறை.

அதே சாலையில் இன்று எத்தனையோ ஓடும் வீடுகள் செல்கின்றன. படப்பிடிப்புக்குச் செல்லும் கேரவனை நீங்கள் பார்த்திருக்கலாம். சுற்றுலாப் பயணிகளுக்காகக் கேரள அரசு 2021இல் கேரவன் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அவ்வளவு வசதி இல்லாவிட்டாலும், கோயில்களுக்கு வேனில் செல்லும் குடும்பங்கள் இரண்டு இருக்கைகளுக்கு நடுவே பலகை போட்டுக் குழந்தைகளைப் படுக்க வைக்கின்றன. நெடுந்தூர லாரிகளில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் ஒரு படுக்கைப் பலகை உண்டு. மடக்கு மேசை, அலமாரி, கட்டில் என்று இவை எல்லாம் அடிக்கடி உடைகின்றன. உடைந்தால் கயிறு, கம்பி, ஆணி என்று கையில் கிடைப்பதை வைத்துச் சரிசெய்கிறோம்.

இதை 'ஒட்டுவேலை' என்று இகழ்வோர் உண்டு. 'நம்மவர் மூளையே மூளை' என்று புகழ்வோரும் உண்டு. இரு சாராரும் தவறு செய்கிறார்கள் என்பது என் கருத்து. கையில் கிடைத்த பொருள் எது என்பது முக்கியமல்ல. உடைத்த விசை எது என்று கண்டுபிடித்தோமா என்பதே முக்கியம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வண்டியின் பக்கச் சுவரில் ஒரு மடக்கு மேசை. அதைத் தாங்கும் இரும்புப் பட்டை, மேலும் கீழுமாக 5 செ.மீ. இடைவெளியில் இரண்டு திருகாணிகளால் பொருத்தப்பட்டிருக்கிறது. சுவரிலிருந்து 50 செ.மீ. தள்ளி, மேசை மேல் 10 கிலோ எடையை வைக்கிறோம். திருப்புத்திறன் விதிப்படி, மேல் திருகாணியை வெளியே இழுக்கும் விசை 10 × 50 ÷ 5, அதாவது 100 கிலோ எடைக்குச் சமம்! வைத்ததோ பத்து, இழுப்பதோ நூறு. வண்டி வேகத்தடையில் ஏறிக் குதிக்கும்போது இது இன்னும் கூடுகிறது. பாவம், திருகாணி என்ன செய்யும்?

கழன்ற துளையில் இன்னும் பெரிய ஆணியை அடிப்பது வழக்கமான பழுதுபார்ப்பு. அதைவிட நல்லது, துளைக்குள் மூங்கில் சிம்புகளை மரப்பசையில் தோய்த்து அடைத்து, ஓரிரவு உலரவிட்டு, மீண்டும் திருகாணியை முடுக்குவது. திருகாணியின் புரிகளுக்குப் பற்றிக்கொள்ள மர நார் கிடைக்கிறது. பலகை மரத்தூளை அழுத்திச் செய்ததாக இருந்தால் துளையைச் சுற்றிலும் பொடிந்திருக்கும். அங்கே பின்பக்கம் ஒரு பிளைவுட் துண்டை வைத்து, போல்ட்டை ஊடுருவச் செலுத்தி, அகலமான வாஷர் போட்டு முடுக்க வேண்டும். இழுவிசை பரந்த இடத்தில் பகிர்ந்துகொள்ளப்படும்.

ஆனால் இவை பாதி வேலைதான். நூறு கிலோ இழுவை இன்னும் அப்படியே இருக்கிறதே! மேசைக்கு அடியிலிருந்து சுவருக்குச் சாய்வாக ஒரு மரச்சட்டம் கொடுத்து, அதன் கால் மேசைக்கு 40 செ.மீ. கீழே சுவரில் ஊன்றுமாறு செய்யுங்கள். இப்போது மேலே இழுவை 10 × 50 ÷ 40, அதாவது 12.5 கிலோதான். பழைய ரீப்பர் துண்டு ஒன்று விசையை எட்டில் ஒரு பங்காக்கிவிட்டது. இதுவே அறிவியல் அறிந்த பழுதுபார்ப்பு.

ஓடும் வண்டியில் வேறு இரு பகைவர்களும் உண்டு. ஒன்று அதிர்வு. பக்கவாட்டில் அதிரும்போது முடுக்கிய நட்டும் தானே கழலும் என்பதை யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1969இல் சோதனை மூலம் காட்டினார். ஒரு நட்டின் மேல் இன்னொரு நட்டை இறுக்கிப் பூட்டுவது எளிய மாற்று. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் அலமாரிக் கதவு தடதடக்கிறதா? அது ஒத்ததிர்வு. சைக்கிள் டியூப் துண்டை இடையில் ஒட்டினால் அதிர்வாற்றலை ரப்பர் உறிஞ்சிவிடும். இரண்டாவது பகைவன் பிரேக். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி 3 விநாடியில் நின்றால், 10 கிலோ அரிசி டப்பா தன் எடையில் பாதிக்கு மேற்பட்ட விசையோடு முன்னால் பாயப் பார்க்கும். அலமாரிக்குச் சிறு காந்தம் போதாது, தாழ்ப்பாள் வேண்டும்.

1970 ஏப்ரலில் அப்போலோ 13 விண்கலத்தில் கரியமில வாயு பெருகி மூன்று வீரர்களின் உயிருக்கு ஆபத்து வந்தது. சதுரமான வடிகட்டிப் பெட்டியை, வட்டப் பெட்டிக்கென அமைந்த கருவியோடு பொருத்த வேண்டியிருந்தது. பிளாஸ்டிக் பை, அட்டை, குழாய், ஒட்டுநாடா இவற்றைக் கொண்டே அதைச் சாதித்தார்கள். ஒட்டுவேலைதான்! ஆனால் பூமியில் அதேபோல் ஒன்றைச் செய்து, சோதித்துப் பார்த்த பிறகே செய்முறையை மேலே அனுப்பினார்கள். நாம் கற்க வேண்டியது இந்தச் சோதனையைத்தான்.

எல்லையும் உண்டு. சமையல் வாயு இணைப்பு, மின்கம்பி, இருக்கை, இருக்கைப் பட்டை, குழந்தைகள் படுக்கும் மேல் கட்டில் ஆகியவற்றில் கைவைத்தியம் கூடவே கூடாது. அங்கே தொழில் தெரிந்தவர்தான் வேண்டும்.

நம் மாணவர்கள் திருப்புத்திறனின் வரையறையை ஒப்பித்து முழு மதிப்பெண் வாங்குகிறார்கள். அதே வகுப்பில் ஆடுகிற பெஞ்சு ஆண்டு முழுவதும் ஆடிக்கொண்டே இருக்கிறது. இது வெட்கக்கேடு அல்லவா? ஒவ்வொரு பள்ளியிலும் மாதம் ஒரு பழுதையாவது மாணவர்கள் சரிசெய்ய வேண்டும். அதற்குச் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் தர வேண்டும். உள்ளூர்த் தச்சரை ஆசிரியராக அழைக்கலாம். அவர் அருகில் நின்று கற்றுத் தந்தால் காயம்படுமோ என்ற அச்சமும் குறையும். பாடத்துக்கு நேரம் போதாது என்பார்கள். இதுவே பாடம்தான் என்பேன்.

மாணவர்களே, உங்கள் வகுப்பில் ஆடும் பெஞ்சிலிருந்தே தொடங்குங்கள். குறிப்பேட்டில் மூன்று வரி எழுதுங்கள்: உடைந்தது எது? உடைத்த விசை எது? நம் பழுதுபார்ப்பு அவ்விசையை எங்கே திருப்பிவிடுகிறது? மூன்றாவது வரிக்கு விடை எழுத முடிந்த பிறகு சுத்தியலை எடுங்கள்.