பட்டம் வந்தது, படிப்பு எங்கே?

எமது ஊர்களில் ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானால் சந்தியில் பதாதை தொங்குகிறது. பட்டம் பெற்றால் மீண்டும் ஒரு பதாதை. விளையாட்டுக் கழகமும் பள்ளிவாசல் நிர்வாகமும் பொன்னாடை போர்த்துகின்றன. போர்த்தட்டும். கடலுக்குப் போயும் வேளாண்மை வெட்டியும் பிள்ளையைப் படிப்பித்த வாப்பாவும் உம்மாவும் சந்தோசப்பட ஒரு நாள் வேண்டும். எனது ஆட்சேபனை வேறு. பதாதையைக் கழற்றுகின்ற நாளோடு அந்தப் பிள்ளையின் வாசிப்பும் முடிந்துவிடுகிறது. விதிவிலக்கானவர்கள் இருக்கிறார்கள். அவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதுதான் கவலை.

அவர்கள் படித்து வந்த வழியைப் பாருங்கள். தரம் ஐந்தில் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள். சாதாரண தரத்தில் கடந்தகால வினாத்தாள் தொகுப்பு. உயர்தரத்தில் டியூஷன் மாஸ்டரின் டியூட். பல்கலைக்கழகத்தில் சீனியர்கள் விட்டுச் சென்ற குறிப்புகளின் போட்டோப் பிரதி. இந்தப் பதினாறு பதினேழு வருடப் பயணத்தில் ஒரு முழு நூலை முதற்பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை வாசிக்க வேண்டிய கட்டாயம் எங்கும் வருவதில்லை. 2001இல் வந்த இஸட் புள்ளி முறையில், தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கங்கள் ஒரு பிள்ளையின் தலைவிதியை எழுதுகின்றன. அந்தப் போட்டியில் நிற்கும் பிள்ளையிடம் நாவல் வாசி என்று சொல்ல எனக்கும் வாய் வராது. ஆனால் போட்டி முடிந்த பிறகும் அதே பழக்கம் ஏன் தொடர வேண்டும் என்பதுதான் கேள்வி.

ஒக்டோபர் வந்தால் தேசிய வாசிப்பு மாதம். பாடசாலைகளில் வாசிப்பின் பயன்கள் என்ற தலைப்பில் கட்டுரைப் போட்டி நடக்கும். மாணவன் ஒரு கட்டுரைத் தொகுப்பிலிருந்து பாடமாக்கி வந்து எழுதுவான். பேக்கனின் அந்த ஒற்றை வாக்கியம் எல்லாத் தாள்களிலும் இருக்கும். பேக்கன் யாரென்று கேட்டால் விழிப்பான். வாசிக்காமலே வாசிப்பைப் பற்றி எழுதிப் பரிசு வாங்கும் வித்தையைப் பாடசாலைகளே பழக்கிவிடுகின்றன. அப்படி வளர்ந்தவன் பட்டதாரியான பின் வாசிக்கவில்லையே என்று வியப்பதில் என்ன அர்த்தம்?

இப்போது இலக்கு நிர்ணயம் என்ற பெயரில் கருத்தரங்குகள் மலிந்துவிட்டன. கோட் அணிந்த ஒருவர் வருகிறார். இலக்கைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்கிறார். பிள்ளைகள் டொக்டர், எஞ்சினியர், கணக்காளர், ஆசிரியர் என்று எழுதுகிறார்கள். இவையெல்லாம் பதவிகளின் பெயர்கள். பதவி கிடைத்தால் இலக்கு முடிந்தது, கிடைக்காவிட்டால் வாழ்க்கையே முடிந்தது என்பதுதான் அந்தத் தாள் சொல்லும் செய்தி. ஆசிரியராகி எதைக் கற்பிக்கப் போகிறாய், அதற்கு நீ எதைக் கற்கப் போகிறாய் என்ற கேள்வியை எந்தக் கருத்தரங்கிலும் நான் கேட்டதில்லை.

வயிற்றுப்பாடு முதலில், வாசிப்பு பிறகு என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பட்டத்துக்கும் நியமனத்துக்கும் இடையில் எங்கள் பிள்ளைகள் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். 2020இல் 50,000 பட்டதாரிகளுக்குத் தொழில் என்ற அறிவிப்பின் கீழ்ப் பயிலுனர்களாகச் சேர்க்கப்பட்டவர்களில் பலர் அதற்கு முன்னர் நெடுங்காலம் வீட்டில் இருந்தவர்களே. அந்தக் காலம் எங்கே போனது? வீதியில் இறங்கி வேலை கேட்டதை நான் குறை சொல்லவில்லை. அது உரிமை. மீதி நாட்களைத்தான் கேட்கிறேன். 2022ஆம் ஆண்டின் காகிதத் தட்டுப்பாட்டுக்குப் பிறகு புத்தக விலை எட்டாத உயரத்துக்குப் போனது உண்மைதான். ஆனால் 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துத் தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. கையில் தொலைபேசி இல்லாத பட்டதாரி ஒருவரை எனக்குக் காட்டுங்கள்.

பட்டம் இல்லாத நீ பட்டதாரியைப் பற்றி எழுதலாமா என்று கேட்கப்படும். ஆம், நான் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றவன், பட்டதாரி அல்லன். ஆனால் மருதூர்க்கொத்தனும் அ.ஸ. அப்துஸ் ஸமதும் கரும்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டே எழுதியவர்கள். சித்திலெப்பை சட்டத்தரணியாக இருந்தவர். வழக்குப் பேசிப் பொருள் சேர்ப்பதோடு அவர் நின்றிருந்தால் 1882இல் முஸ்லிம் நேசனும் இல்லை, 1885இல் அசன்பேயுடைய கதையும் இல்லை. ஏ.எம்.ஏ. அஸீஸ் சிவில் சேவையில் சேர்ந்த முதல் இலங்கை முஸ்லிம். எங்கள் பெற்றோர் கனவிலும் காணாத அந்தப் பதவியை 1948இல் விட்டுவிட்டு ஸாஹிராவின் அதிபராகப் போனார். 1963இல் இலங்கையில் இஸ்லாம் என்ற நூலைத் தந்தார். பதவியே இலக்கு என்றால் அவர் செய்தது பைத்தியக்காரத்தனம். அப்படிச் சொல்லும் துணிவு யாருக்கு இருக்கிறது?

பெண்பிள்ளைகளின் நிலைமை இன்னும் கவலைக்குரியது. எங்கள் ஊர்களில் இன்று கூடுதலாகப் படிப்பவர்கள் அவர்கள்தான். ஆனால் பட்டம் வந்ததும் அது கலியாணப் பேச்சில் ஒரு வரியாகிவிடுகிறது. பிள்ளை படித்தது, நியமனமும் இருக்கிறது என்கிறார்கள். அதற்காக வீடும் வளவும் கேட்பது குறைவதில்லை. அந்த வீட்டில் ஒரு புத்தக அலுமாரிக்கு இடம் வைத்த மாப்பிள்ளை எத்தனை பேர்?

ஒன்றை மட்டும் உடனடியாகச் செய்யலாம். சிறப்புப் பட்டம் பயில்கின்ற பலர் இறுதியாண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரை சமர்ப்பிக்கிறார்கள். ஊரின் மீன்பிடி, நெற்காணி, நாட்டார் பாடல், பள்ளிவாசல் நிர்வாகம் என்று சொந்த மண்ணைப் பற்றியே எழுதுவோரும் அவர்களில் இருக்கிறார்கள். தகவல் கேட்டு ஊரெல்லாம் அலைகிறார்கள். மூத்தவர்களின் வாயைப் பிடுங்குகிறார்கள். பிறகு அது கட்டப்பட்டுப் பல்கலைக்கழகத்தின் இறாக்கையில் உறங்குகிறது. தகவல் தந்த கிழவர் மௌத்தாகிப் போகிறார். அவர் சொன்னது ஊருக்குத் திரும்பி வருவதில்லை. நாளை ஒரு காணிப் பிரச்சினை வந்தால் எங்கள் கையில் ஒரு பக்கம் எழுத்து இல்லை. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறுவருடமே பல்கலைக்கழகமான ஒரு நிறுவனம் ஒலுவிலில், எங்கள் முற்றத்திலேயே இருந்தும் இந்தக் கதி.

ஒவ்வொரு பட்டதாரியும் தன் ஆய்வின் ஒரு பிரதியை ஊர் நூலகத்துக்குக் கொடுக்கட்டும். நியமனம் வரும்வரை மாதம் ஒரு நூல் வாசிக்கட்டும். வாசித்ததைப் பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். இதைச் சுவரில் எழுதி ஒட்டினால் அதை நான் இலக்கு என்று ஏற்றுக்கொள்வேன். ஏனென்றால் இவர்களில் பெரும்பாலோர் நாளை ஆசிரியர்களாகவே வரப் போகிறார்கள். வாசிக்காத ஆசிரியரின் வகுப்பிலிருந்து வாசிக்கின்ற பிள்ளை வருவது அபூர்வம். இக்ரஃ என்ற கட்டளையோடு தொடங்கிய மார்க்கத்தைப் பின்பற்றுகிறோம் என்று மேடைதோறும் சொல்கின்ற எங்களுக்கு இது விளங்காமல் இருக்க முடியாது.

பாராட்டு விழா நடத்துகின்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பொன்னாடையைப் போர்த்திய கையோடு ஒலிவாங்கியையும் அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள். கடைசியாக வாசித்த நூலைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொல்லுங்கள்.