எரிந்த மோட்டரும் எமது பிள்ளைகளின் தொழிலும்

மிளகாய்க் கண்டு பூத்து நிற்கும் நேரத்தில் கிணற்று மோட்டர் எரிந்துபோனால் ஒரு குடும்பம் என்ன பாடுபடும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடந்த ஆண்டு கோடையில், வன்னியில் மீள்குடியேறிய ஒரு குடும்பம் தமது ஒரு குதிரைவலு மோட்டரைப் பட்டணத்துக் கடையொன்றில் வைண்டிங் செய்து கொண்டுவந்தது. ஐந்தாம் நாள் அது மறுபடியும் எரிந்தது. மீண்டும் கடன், மீண்டும் பட்டணம். அதற்கிடையில் பாதித் தோட்டம் வாடிவிட்டது.

கம்பியைச் சுற்றியவர் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். எரிந்ததை எடுத்துவிட்டுப் புதுக் கம்பியைச் சுற்றினார். ஏன் எரிந்தது என்று மட்டும் கேட்கவில்லை. வீட்டிலிருந்து கிணற்றுக்கு நூறு மீற்றருக்கு மேல் மெல்லிய வயர் இழுக்கப்பட்டிருந்தது. மோட்டர் தொடங்கும்போது, ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அவ்வேளையில் வோல்ற்றேஜில் நல்ல பங்கை அந்த மெல்லிய வயரே விழுங்கிவிடும். 230 வோல்ற் 184 ஆகக் குறைந்தால் மோட்டரின் சுழற்றும் வலுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. மோட்டர் உறுமும், சுழலாது, சூடேறும், கம்பியின் மேற்பூச்சு கருகும். கப்பாசிற்றர் பழுதானாலும், பெயாரிங் இறுகினாலும் இதே கதைதான். காரணத்தைத் தேடாத திருத்தம் திருத்தமல்ல என்பது எனது அபிப்பிராயம்.

இதில் எம்போன்ற அபிவிருத்திப் பணியாளர்களுக்கும் பங்குண்டு. 2009 இல் யுத்தம் முடிந்தபின் மீள்குடியேறிய ஊர்களுக்கு நீர்ப்பம்பிகள் கொடுத்தோம். கொடுத்ததைப் படமும் எடுத்தோம். அவற்றைத் திருத்த அவ்வூரில் ஒருவரையாவது பழக்கினோமா? நான் நின்ற திட்டங்களில் இல்லை. பழுதான மோட்டர்கள் பழைய இரும்பு வாங்குபவரிடம் செப்பு விலைக்குப் போயின.

1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாதபோது சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நாம். அன்று சிறுவனாக இருந்த நானும் பெடலைச் சுற்றியவன்தான். அந்தக் கெட்டித்தனம் எங்கும் போய்விடவில்லை. ஆனால் பிள்ளை மோட்டர் கடையில் பழகப் போகிறேன் என்றால், சாதாரண தரம் சித்தியடையாதவன் போகுமிடம் என்று வீட்டில் முகம் சுளிக்கிறோம்.

உண்மையில் இது கையும் மூளையும் சேர்ந்து செய்யும் வேலை. பழைய கம்பியைக் கழற்றுமுன் ஒவ்வொரு பள்ளத்திலும் எத்தனை சுற்று, கம்பியின் தடிப்பு எவ்வளவு, தொடக்கச் சுற்று எது, ஓட்டச் சுற்று எது என்றெல்லாம் கொப்பியில் எழுத வேண்டும். மெல்லிய கம்பி இலகுவாக நுழையும். ஆனால் விரைவில் எரியும். வார்னிஷ் ஊற்றிக் காயவைத்தபின் மெகர் என்னும் கருவியால் காப்பைச் சோதிக்க வேண்டும். மேசனும் தச்சரும் கொண்டுவரும் கிறைண்டர், ட்ரில் ஆகியவற்றில் பெரும்பாலும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். அந்தச் சிறு துண்டை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் ஆமேச்சரே கெட்டுவிடும். (மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் கப்பாசிற்றரில் மின் தங்கியிருக்கும். பழக வருபவருக்கு இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.) பொறுமையும் நுணுக்கமும் வேண்டிய இவ்வேலைக்குப் பெண்பிள்ளைகளை ஏன் அனுப்பக்கூடாது என்றும் கேட்கிறேன்.

இடப்பெயர்வால் படிப்புக் குழம்பியவர்களுக்கும் வழியுண்டு. மோட்டர் வைண்டிங் தொழிலுக்குத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் இருக்கிறது. கடையில் வேலை செய்தே பழகியவர், பாடநெறிக்குப் போகாமல், தமது திறமையைச் செய்துகாட்டி அதைப் பெறலாம். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் விசாரித்துப் பாருங்கள்.

அந்தக் குடும்பம் இரண்டாம் முறை மோட்டரைக் கொண்டுபோனபோது, வயரைப் பற்றிக் கேட்டது கடையில் இருந்த வயதான தொழிலாளி ஒருவர். மூத்த மகன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். தடித்த வயர் போட்டபின் மோட்டர் இன்றுவரை ஓடுகிறது. மகன் இப்போது சனிக்கிழமைகளில் அக்கடைக்குப் போய்ப் பழைய சுற்றுகளை எண்ணி எழுதுகிறான். தாய்க்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை.